254: யார் சொன்ன எண்?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

வேதியியல் மாணவர் எவரையேனும் நிறுத்தி, “நீர்மக் குரோமட்டோகிராபியில் புற ஊதாக் கதிரை எந்த அலைநீளத்தில் வைப்பீர்?” என்று கேட்டுப் பாருங்கள். “254 நானோமீட்டர்” என்று தட்டாமல் பதில் வரும். “ஏன் 254?” என்று கேளுங்கள். பதில் வராது. கல்விச் சுற்றுலாவில் ஒரு மருந்து ஆலையின் ஆய்வுக்கூடத்தில் நாங்கள் இதையே கேட்டோம். “முறை அப்படித்தான்” என்றார்கள். இந்தப் பதிலோடு நாம் நின்றுவிடக் கூடாது என்பதே என் கருத்து.

பிற துறை நண்பர்களுக்காகச் சிறு விளக்கம் தருகிறேன். கலவை ஒன்றைக் கரைத்து, நுண்துகள்கள் இறுக நிரப்பிய உலோகக் குழாய் வழியே கரைப்பானோடு அழுத்திச் செலுத்துகிறார்கள். கலவையிலுள்ள பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்து வெளிவருகின்றன. வரும் வழியில் புற ஊதாக் கதிர் ஒன்று பாய்கிறது. கதிரை உட்கவரும் பொருள் கடந்தால் தாளில் ஒரு முகடு எழும். உட்கவராத பொருள் எவ்வளவு கடந்தாலும் கோடு நேராகவே ஓடும். பொருள் இருந்தும் இல்லாததுபோல் தோன்றும்.

254 எங்கிருந்து வந்தது? குறைந்த அழுத்தப் பாதரச விளக்கு 253.7 நானோமீட்டரில் மிக வலுவாக ஒளி வீசும். குடிநீர்க் கருவிகளில் கிருமி கொல்வதும் இதே ஒளிதான். தொடக்க காலக் கருவிகளுக்கு மலிவாகவும் நிலையாகவும் கிடைத்தது இவ்விளக்கே. பென்சீன் வளையமுள்ள பல பொருள்கள் அந்த இடத்தில் ஓரளவு உட்கவர்வதால் வேலையும் நடந்தது. ஆக, இந்த எண்ணைத் தந்தது விளக்கு. நாம் ஆராயும் பொருள் அன்று. இன்றைய கருவிகளில் டியூட்டீரியம் விளக்கு இருக்கிறது. வேண்டிய அலைநீளத்தை வைத்துக்கொள்ளலாம். ஆயினும் பழைய எண் பழக்கமாய் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

காப்பியிலுள்ள காஃபீன் 273 நானோமீட்டர் அருகே நன்கு உட்கவரும். 254இல் பார்த்தால் அதன் முகடு சிறுத்துவிடும். நிறமாலையின் உச்சியில் அளந்தால், கருவி ஒரு நானோமீட்டர் பிசகினாலும் விடை அதிகம் மாறாது. சரிவில் அளந்தால் அதே பிசகு விடையையே மாற்றிவிடும். சரி, 210க்கு இறங்கினால் எல்லாமே தெரியுமே என்று கேட்கலாம். தெரியும், ஆனால் வேண்டாதவையும் சேர்ந்தே தெரியும். கரைப்பானும் குறுக்கே நிற்கும். மெத்தனால் 205க்குக் கீழும், எத்தில் அசிட்டேட் 256க்குக் கீழும், அசிட்டோன் 330க்குக் கீழும் ஒளியைத் தாமே விழுங்கிவிடும்.

இதற்கு ஓர் உவமை எங்கள் ஜவ்வாது மலையிலேயே உண்டு. காவலூரில் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் விண்மீன்களை நோக்கி நிற்கிறது. 300 நானோமீட்டருக்குக் கீழுள்ள ஒளியை மேலே இருக்கும் ஓசோன் படலம் தடுத்துவிடுவதால் அது காவலூரை எட்டுவதில்லை. அதனால் விண்மீனில் அந்த ஒளியே இல்லை என்று எந்த வானியலாரும் சொல்லவில்லை. காவலூரை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் புற ஊதாத் தொலைநோக்கி ஒன்றை உருவாக்குவதில் முன்னின்றது. 2015 செப்டம்பரில் அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோள் அதை ஓசோனுக்கு மேலே கொண்டுசென்றது. தம் கருவிக்கு எது தெரியாது என்பதை அறிந்தவர்கள் அவர்கள்.

இந்த அறிவு எங்கள் மலைத்தேனுக்கும் வேண்டும். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அப்பா தேன் எடுப்பவர். சென்ற ஆண்டு ஒரு வியாபாரி, “தேன் டெஸ்ட்டில் நிற்கவில்லை” என்று விலையைக் குறைத்தார். எந்த டெஸ்ட், எதை அளந்தார்கள், எவ்வளவு வந்தது என்று கேட்க ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

தேனைச் சூடாக்கினாலோ நெடுநாள் வைத்திருந்தாலோ அதிலுள்ள பிரக்டோசிலிருந்து ஹைட்ராக்சிமெத்தில் பர்பியூரால் என்னும் பொருள் உண்டாகிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு விதி, ஒரு கிலோ தேனில் இது 80 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்கிறது. இதன் உச்சி 284 நானோமீட்டர். ஆகவே குரோமட்டோகிராபியில் 285இல் அளக்கிறார்கள். 254இல் அளந்தால் இதன் உண்மை வலிமையில் சிறு பகுதியே தெரியும். மாறாக, தேனின் பெரும்பகுதியான சர்க்கரைகள் 254, 285 இரண்டிலுமே கண்ணுக்குப் படுவதில்லை. அவற்றுக்கு ஒளிவிலகல் எண்ணை அளக்கும் வேறு கருவி வேண்டும். எனவே 285இல் தேறிய தேனை அளவுமீறிச் சூடுபடாத தேன் எனலாம்; சர்க்கரைப் பாகு கலவாத தேன் என்று அதைக்கொண்டு சொல்ல முடியாது. 2020 டிசம்பரில் டில்லி அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 வகைத் தேன்களை வெளிநாட்டில் அணுக்காந்த ஒத்ததிர்வு முறையில் சோதித்தபோது 3 மட்டுமே தேறின என்று அறிவித்தது. அவற்றுள் சில, உள்நாட்டுச் சோதனைகளில் தேறியவை. நிறுவனங்கள் முடிவை மறுத்தன. யார் சொன்னது சரி என்ற வழக்கு ஒருபுறமிருக்க, சோதனை மாறினால் தீர்ப்பும் மாறக்கூடும் என்பதை நாடே பார்த்தது.

“விதிநூல் சொல்லும் அலைநீளத்தை மாணவன் மாற்றலாமா? ஆளுக்கொரு எண் வைத்தால் முடிவுகளை ஒப்பிடுவது எப்படி?” என்று ஆசிரியப் பெருமக்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. காரணம் தெரிந்து பின்பற்றுவோம் என்கிறேன். ஒவ்வொரு சோதனைக்கும் முன் பொருளின் நிறமாலையை ஒருமுறை வரைந்து பார்ப்போம். ரெக்கார்டு நோட்டில் “இந்த அலைநீளம் ஏன்?” என்று ஒரு வரி கட்டாயம் எழுதுவோம்.

இன்னொரு வேண்டுகோள். நம் துறையில் நீர்மக் குரோமட்டோகிராபிக் கருவி இல்லை. ஆயினும் ஒயிட் என்பார் 1979இல் வெளியிட்ட முறைக்குப் புற ஊதா நிறமாலைமானியும் குவார்ட்ஸ் கலமும் போதும். கண்ணாடிக் கலம் உதவாது. அது இந்த ஒளியைத் தடுத்துவிடும். தெளிவித்த தேன்கரைசலை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் சோடியம் பைசல்பைட்டு சேர்த்தால் அதில் மட்டும் அந்தப் பொருளின் உட்கவர்ச்சி மறையும். அதை ஒப்பீடாக வைத்து மற்றதை 284இலும் 336இலும் அளந்து கழிக்க வேண்டும். முதல் எண் பொருள் தெரியும் இடம். இரண்டாவது அது தெரியாத இடம். கருவி வாங்கும் பட்டியலில் இவற்றை முதலில் சேர்த்து, மலைத்தேனை இறுதியாண்டு ஆய்வுத் திட்டமாகத் தருமாறு துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

அப்படி நடந்தால், அடுத்த முறை வியாபாரி தாளை நீட்டும்போது, “ஐயா, எந்த அலைநீளத்தில் பார்த்தீர்கள்?” என்று கேட்க மலையில் நாலு பேராவது இருப்பார்கள்.