உயர்தரத்தில் நம் பிள்ளைகள் சறுக்குவது ஏன்? வரக்காப்பொலையிலிருந்து சில அவதானங்கள்

அண்மையில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது, கண்டி வீதியில் கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சேர், மகனுக்கு சாதாரண தரத்தில ஏழு ஏ. உயர்தரத்தில மூணு பாடத்துக்கும் எஸ். ஃபோன்தான் சேர் கெடுத்தது" என்றார். மகன் பக்கத்தில் தலைகுனிந்து நின்றான். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தப் பையன் தரம் 12இல் இருந்தபோது அவனது வகுப்புக்கு இரசாயனவியல் ஆசிரியர் எத்தனை மாதம் இருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். வாப்பாவுக்குத் தெரியாது. மகனும் சொல்லியிருக்க மாட்டான்.

கேகாலை மாவட்டத்தின் தமிழ் மொழிமூலப் பாடசாலைகளில் இருபத்தேழு வருடங்கள் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். பெறுபேறு வெளியானதும் நடக்கும் கூட்டங்களில் ஒரே பட்டியலைத்தான் கேட்டு வருகிறேன்: கையடக்கத் தொலைபேசி, சோம்பல், கூடாத சிநேகிதம், பெற்றோரின் கவனயீனம். இவை பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேகாலை நகரத்துப் பிள்ளையின் கையிலும் அதே தொலைபேசிதான் இருக்கிறது. அந்தப் பிள்ளை சித்தியடைகிறதே?

முதற்காரணம் ஆசிரியர். தமிழ் மொழிமூலத்தில் உயர்தர விஞ்ஞான, கணித பாடங்களைப் படிப்பிக்கக்கூடியவர்கள் எங்கள் மாவட்டத்தில் மிகக் குறைவு. வருபவர்களில் பலர் கல்முனை, சம்மாந்துறை பக்கமிருந்து முதல் நியமனம் பெற்று வருபவர்கள். நல்ல ஆசிரியர்கள். வாடகை அறையில் தங்கி, மாதம் ஒரு தடவை ஊர் போய், சில வருடங்களில் இடமாற்றம் கேட்கிறார்கள். அதில் பிழை காண எனக்கு மனம் வராது. நானும் குடும்பத்தை விட்டுப் பிரிந்து வேலை செய்தவன்தான். பிரச்சினை, அவர் போகும் நாளில் அவருடைய இடத்துக்கு ஆள் வராததுதான். இரசாயனவியலில் மூல் கணிப்புகள் படிப்பிக்கப்படும் தவணையில் ஆசிரியர் இல்லையென்றால், அதன்பின் வரும் எத்தனையோ பாடங்கள் அந்த மாணவனுக்கு வெறும் மனனம். பின்னர் யார் வந்து படிப்பித்தாலும் ஓட்டை அடைபடுவதில்லை.

அடைப்பதற்கு மேலதிக வகுப்பு இருக்கிறதே என்பார்கள். சிங்கள மொழிமூல மாணவனுக்கு அது கேகாலையில் இருக்கிறது. எங்கள் பிள்ளை சனிக்கிழமை சுபஹ் தொழுததும் பஸ் ஏறி, கிட்டத்தட்ட அறுபது கிலோமீற்றர் கடந்து கொழும்பு போய், வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ நூற்றுக்கணக்கானோர் நெருங்கியிருக்கும் மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டு, இஷாவுக்குப் பிறகு வீடு வந்து சேருகிறது. ஞாயிறும் அப்படியே. திங்கட்கிழமை வகுப்பில் தூங்கினால் "கவனமில்லை" என்கிறோம். நானும் அப்படி ஏசியிருக்கிறேன். இந்தப் பயணத்துக்குப் பெண் பிள்ளைகளை அனுப்ப அநேக வீடுகள் தயங்குகின்றன. கணிதத்தில் என்னிடம் ஏ எடுத்த எத்தனையோ மாணவிகள் கலைப் பிரிவுக்குப் போனது விருப்பத்தினால் அல்ல.

அடுத்தது கசப்பான விடயம். ஒவ்வொரு ஊரும் தன் பாடசாலை 1 ஏபி தரத்துக்கு வரவேண்டும் என்று நிற்கிறது. 1 சி என்றால் கலையும் வர்த்தகமும் மாத்திரம். விஞ்ஞானப் பிரிவு இருந்தால்தான் ஊருக்கு மதிப்பாம். அரசியல்வாதியைப் பிடித்துத் தரத்தை உயர்த்துகிறோம், பெயர்ப்பலகையில் "கல்லூரி" என்று எழுதுகிறோம், திறப்பு விழாவுக்குப் பொன்னாடை வாங்குகிறோம். பிறகு ஐந்து மாணவர்கள், ஒரு பாடத்துக்கு ஆசிரியர் இல்லை, ஆய்வுகூடத்தில் பூட்டு. இப்படி மூன்று ஊர்களில் மூன்று குறை வகுப்புகள் நடப்பதைவிட ஒரு முழு வகுப்பு நடப்பது மேல் என்று கூட்டமொன்றில் நான் சொன்னபோது, "சேர் நம்ம ஊருக்கு எதிரா பேசுறார்" என்றார்கள்.

காலமும் இந்தப் பிள்ளைகளை விடவில்லை. 2025 உயர்தரப் பரீட்சைக்கு முதல் தடவை தோற்றியவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது அவர்கள் தரம் 9. 2021 ஜூலை முதல் ஒக்டோபர் வரை ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலைப் பகிஷ்கரித்தபோது தரம் 10. 2022இல் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மூடப்பட்டபோது தரம் 11. கடைசியில், 2025 நவம்பரில் டித்வா புயல் வந்து அவர்களது உயர்தரப் பரீட்சையும் நடுவில் நின்றது. அடிப்படை போடவேண்டிய மூன்று வருடங்கள் துண்டு துண்டாகப் போயின. தொலைபேசியை அவர்கள் கையில் கொடுத்ததும் அந்தக் காலத்தில் நாங்கள்தான், படிப்பதற்கென்று சொல்லி.

இன்னொன்று நம்மில் பலர் யோசிப்பதில்லை. கலைப் பிரிவு போன்ற சிலவற்றைத் தவிர, பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை, 55 சதவீதம் மாவட்டக் கோட்டா, 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. எங்கள் சப்ரகமுவ மாகாணத்தில் இரத்தினபுரி அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது, கேகாலை இல்லை. மாவட்டக் கோட்டாவில் மொழிமூலம் பார்க்கப்படுவதில்லை. ஆக, ஆசிரியரே இல்லாத வகுப்பில் படித்த வரக்காப்பொலைப் பிள்ளையும், தெஹியோவிட்ட, யட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைப் பிள்ளையும், எல்லா வசதியும் கொண்ட கேகாலை நகரப் பாடசாலை மாணவனோடு ஒரே வெட்டுப்புள்ளிக்குப் போட்டியிட வேண்டும். மாவட்டத்தின் சராசரிக்குள் நமது குறை மறைந்துவிடுகிறது. நூற்றுக்கு ஏழு பேர் அளவில் உள்ள சமூகத்தின் குரல் தனித்துக் கேட்காது. தோட்டத்துத் தமிழ்ச் சகோதரர்களோடு சேர்ந்து தமிழ் மொழிமூலம் என்று கேட்டால் கேட்கலாம். அதற்காக இரு தரப்பும் ஒன்றாக உட்கார்ந்ததை என் காலத்தில் நான் காணவில்லை.

நமது பழைய மாணவர் சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் பணம் சேர்க்காமல் இல்லை. சேரும் பணம் அநேகமாகச் சீமெந்தாகிவிடுகிறது. மூன்று ஏ எடுத்த ஒருவருக்கு வாழ்த்துப் பதாகை தொங்கும். அதே வகுப்பில் விழுந்த பதினைந்து பேரைப் பற்றி எவரும் கேட்பதில்லை. நான் கேட்பது சிறிய விடயம். தரம் 12, 13 வகுப்புகளில் தவணைக்கு எத்தனை பாடவேளைகள் ஆசிரியரின்றிப் போயின என்ற கணக்கை பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் அதிபரிடம் கேளுங்கள். குறை சொல்வதற்காக அல்ல. அந்தக் கணக்கோடு வலயக் கல்விப் பணிமனைக்குப் போனால் அதிபருக்கும் அது பலம். வெற்றிடம் நிரம்பும்வரை, வரக்காப்பொலைக்கும் மாவனல்லைக்கும் இடையில் முப்பது கிலோமீற்றர்தான். வார இறுதியில் ஒரு வேன் போட்டு இரண்டு ஊர்ப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் வைத்தால் கொழும்புப் பயணம் மிச்சம். பெண் பிள்ளைகளும் போவார்கள்.

அந்தச் சகோதரரின் மகன் இப்போது பின்னேரங்களில் என் வீட்டுக்கு வருகிறான். கணிதத்துக்கு நான் இருக்கிறேன். இரசாயனவியலுக்கு இன்னும் ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.