கவியரங்கா, மாலையரங்கா?

மாணவர் பத்துப் பேர் கவி பாட முன்வந்தால், பெரியவர் பத்துப் பேர் மாலை பெற முன்வருகின்றனர். தமிழன் மேடை கட்டிய இடமெல்லாம் பரவியுள்ள இவ்வியாதி, ஜாசின் வட்டாரத்தை மட்டும் விட்டுவைக்குமா? ஆறு மணிக்கென அறிவித்த அரங்கு ஏழரைக்குத் தொடங்கும். வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, வாழ்த்துரை, இவற்றுக்கிடையே பொன்னாடைகள். பின்னர், நேரமின்மையால் கவிஞர்கள் சுருக்கிக்கொள்க என்றொரு சீட்டு மேடைக்கு வரும். நாற்பது வரி நெட்டுருச் செய்து வந்த சிறுமி பன்னிரண்டு வரியோடு இறங்குவாள். அப்பன்னிரண்டிலும் எட்டு, முன்வரிசையில் வீற்றிருப்போர் புகழ்! அவ்வெட்டையும் எழுதித் தந்தவர் ஆசிரியர். இதற்குக் கவியரங்கம் என்று பெயரிட்டால், கவிதைக்கு நாம் வேறு பெயர் தேட வேண்டும்.

மாணவர்க்கு யாப்புத் தெரியாது, தெரியாதவரை மேடையேற்றுதல் தமிழுக்கு இழுக்கு என்பர் புலவர் சிலர். தொல்காப்பியமே அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது எனப் பாயிரம் கூறுகின்றது. அரங்கேற்றுதலின் பொருள் யாது? கேட்போன் வினவுவான்; பாடியோன் விடையிறுப்பான்; தடுமாறினால் திருத்திக்கொள்வான். பிழையற்றவன் மட்டுமே ஏறலாமெனின், அங்கே கேட்போனுக்கு என்ன வேலை? யாப்பைக் கற்பியுங்கள், கைகூப்பி வரவேற்கிறோம். கற்பிக்க வாராதார் தடுக்க மட்டும் வருவது எவ்வகை நியாயம்?

தஞ்சைச் சீமையில் காமன் பண்டிகையின்போது எரிந்த கட்சி, எரியாத கட்சி எனப் பிரிந்து லாவணி பாடினர். மன்மதன் எரிந்தானா இல்லையா என்னும் புராண வழக்கில் நமக்குச் சிறிதும் அக்கறை இல்லை, எரிந்திருந்தால் எரிந்துபோகட்டும்! ஆனால் ஒருவன் பாட்டில் தொடுத்த வினாவுக்கு மற்றவன் பாட்டிலேயே விடை தர வேண்டும். சூழ்ந்திருந்த ஊரார் அதைக் கேட்டு எடைபோடுவர். அங்கே சிறப்புரை இல்லை, பொன்னாடையும் இல்லை.

தஞ்சை தொலைவென்றால், நம் மாநிலத்துத் தலைநகரையே பாருங்கள். காஜா பெராங்கில் வாழும் மலாக்காச் செட்டிகள், சுல்தான்கள் காலத்தில் வாணிகத்தின்பொருட்டு வந்த தமிழர் வழியினர். தமிழ் அவர் நாவினின்று என்றோ நழுவிற்று. வீட்டு மொழி மலாய். ஆயினும் டொண்டாங் சாயாங் என்னும் பாட்டில் அவர்க்கும் பங்குண்டு. பிடிலும் ரெபானாவும் முழங்க, இருவர் எதிரெதிர் நின்று பந்துன் தொடுத்து ஒருவரையொருவர் மடக்கும் கலை அது. மலாய்க்காரர், பாபா நோஞ்ஞா, செட்டிகள், போர்த்துகீசிய வழியினர் ஆகிய நால்வகையாரும் பாடும் அதனை 2018-ஆம் ஆண்டு யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. மொழியை இழந்தவர் எதிர்ப்பாட்டை இழக்கவில்லை. மொழியையும் தமிழ்ப்பள்ளிகளையும் வைத்துக்கொண்டிருக்கும் ஜாசின் தமிழரோ, எதிர்ப்பாட்டை விட்டுக் கைத்தட்டலோடு அமைகின்றனர்!

இனி, மாணவரைக் கொண்டு எதைப் பாடுவிக்கிறோம்? மூவேந்தரை, இமயத்தில் பொறித்த வில்லை, கடாரம் கொண்ட சோழனை. கடாரத்தை வென்ற இராசேந்திரனைப் பாடும் பிள்ளைக்கு, மலாயாவுக்குக் கப்பலேறி வந்த தன் பாட்டன் பாட்டுக்கு உரியவனாய்த் தோன்றவில்லை. 1967-இல் இதே ஜாசின் மாவட்டத்துப் புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர், நீதி கேட்டுக் கோலாலம்பூர் நோக்கிக் கால்நடையாகப் புறப்பட்டனர். நூறு மைலுக்கு மேற்பட்ட வழி! வஞ்சினம் கூறிய மன்னரை மனப்பாடம் செய்விக்கும் நாம், அந்நடையைப் பற்றி நான்கு வரி எழுதுமாறு எத்தனை மாணவரிடம் சொன்னோம்? பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின, குடும்பங்கள் பட்டணத்து வீடமைப்புக்குப் பெயர்ந்தன. பெரட்டு, மங்கு, ஆயாக் கொட்டகை ஆகிய சொற்களின் பொருளைத் தம் உடம்பால் அறிந்த கிழவிகள் இன்னும் சிலர் இருக்கின்றனர். அவர்கள் மறைந்தபின் அகராதியில் தேடிப் பயன் என்ன?

பாமரர்க்குக் கவிதை விளங்காது என்பாரும் உளர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர், குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதிச் சிதம்பரநாதன் நெறிப்படுத்திய 'மண் சுமந்த மேனியர்' நாடகத்தை 1985-இல் ஊர் ஊராகக் கொண்டு சென்றனர். போர் சூழ்ந்த காலம். கவிதையும் கூட்டக் குரலும் நிறைந்த நாடகம். அதைக் கண்டவர் பண்டிதர் மட்டும் அல்லர், ஊர்மக்கள். தம் துன்பத்தைத் தம் பிள்ளைகள் சொன்னபோது அவர்க்கு உரைநூல் தேவைப்படவில்லை. நம் நாட்டிலும் 1950-களில் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசி'ல் மாணவர் மணிமன்றத்துக்கு இடம் ஒதுக்கியபோது, தோட்டத்துப் பிள்ளைகள் தம் எழுத்தை அச்சில் கண்டனர். அவர்களுள் பலர் பின்னாளில் எழுத்தாளராயினர். கவிதை சோறு போடுமா என்று கேட்போரிடம் நாம் வழக்காடப் போவதில்லை. மாலையும் சோறு போடாது.

நாம் வேண்டுவது பெரிதன்று. மாணவர் தாமே எழுதட்டும். எழுதுமுன் ஒரு மாதம் வீட்டு முதியோரின் பக்கத்தில் அமர்ந்து கேட்கட்டும். ஆசிரியர் எதுகையைத் திருத்தலாம். பிள்ளையின் கருத்தைத் திருத்த வேண்டா. ஜாசினிலோ மெர்லிமாவிலோ தோட்டத்துக் கோயில் திடலிலோ, ஞாயிறு மாலை அரங்கு நடக்கட்டும். ஒவ்வொரு பாட்டும் முடிந்தபின், பால் வெட்டிய கைகளுள் ஒன்று உயர்ந்து, அப்படியன்று தம்பி, இப்படித்தான் நடந்தது என்று மறுக்கட்டும். அதற்குப் பிள்ளை விடை சொல்லட்டும். பிரமுகர்கள் வரலாகாது என்று நாம் சொல்லவில்லை. தாராளமாக வரட்டும், பாய் விரித்திருக்கும்.