மடத்தில் காய்ச்சினால் மரபு, முகாமில் காய்ச்சினால் குற்றம்

பெல்ஜியத்துப் பீர்ப் பண்பாட்டை யுனெஸ்கோ 2016இல் மானுடத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிட்டது. அதன் மடாலயப் பீரைத் துறவு வாழ்வின் கனியென வியக்கும் கல்விப்புலம், மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப்பின் சாராயத்தைக் குற்றவியல் தலைப்பின் கீழ் மட்டுமே படிக்கிறது. இந்தப் பாகுபாட்டுக்குச் சுவை காரணமன்று. காய்ச்சுபவர் யார் என்பதே காரணம்.

மடாலயப் பீரின் சுவை செபத்தில் மட்டும் விளைந்ததன்று. பெல்ஜியம் 1919இல் இயற்றிய வாண்டர்வெல்டே சட்டம், மதுக்கூடங்களில் வடிசாராயம் பரிமாறுவதைத் தடுத்தது, பீரைத் தடுக்கவில்லை. கனத்த பீர்களுக்குச் சந்தை திறந்தது. வெஸ்ட்மாலே மடத்தின் 'டிரிப்பெல்' 1934இல் வந்தது அந்தச் சூழலில்தான். புட்டிக்குள் மறுபடி நொதித்து, ஈஸ்ட்டால் பழமணமும் கிராம்பின் காரமும் பெறும் அதன் சுவைக்குப் பின்னால் துறவியரின் பொறுமை இருக்கிறது; அந்தப் பொறுமைக்கு இடம்கொடுத்த சட்டமும் இருக்கிறது. 'லெஃப்' பீரின் கதை இன்னும் வெளிப்படை. பிரெஞ்சுப் புரட்சியால் சிதைந்த அந்த மடத்தின் பெயர், 1952இல் ஒரு வணிக ஆலையுடன் செய்த உடன்பாட்டால் மீண்டும் புட்டியில் ஏறியது. இன்று அதைக் காய்ச்சுவது ஏபி இன்பெவ் நிறுவனம். இதற்கும் 'மரபு' என்றே பெயர்.

பம்பாயில் நடந்தது இதற்கு நேர்மாறு. 1949ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம், அயல்நாட்டவருக்கும் மருத்துவச் சான்று காட்டக்கூடியவருக்கும் அனுமதிச் சீட்டு வைத்திருந்தது. தென்மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்து தாராவியில் குடியேறிய தமிழ் உழைப்பாளருக்கு எந்தச் சீட்டும் இல்லை. நின்று நிதானமாக நொதிக்கும் பானத்தைத் தடைச்சட்டம் வாழவிடாது. ஒளிக்கவும் சுமக்கவும் எளிதான, விரைந்து வெறியூட்டும் வடிசாராயத்தையே வளர்க்கும். ஒரு நாட்டின் சட்டம் பீரைச் செழிக்கவைத்தது. ஒரு மாகாணத்தின் சட்டம் சாராய அடுப்பைச் சந்துக்குள் தள்ளியது. வரதராஜ முதலியாரின் ஆதிக்கம் எழுந்ததும் அந்தச் சந்துகளிலிருந்துதான். ஆய்வுலகமும் திரையுலகமும் அவரை நினைவில் வைத்தன, அடுப்பெரித்தவரை மறந்தன.

மறுப்பு எளிதில் எழும்: நச்சுச் சாராயத்தை மரபென்று கொண்டாடுவதா? 2015இல் மும்பை மால்வணியில் 100க்கும் மேற்பட்டோர் மெத்தனால் கலந்த சாராயத்தால் மாண்டனர். அந்தச் சாவுகளை எவரும் கொண்டாட முடியாது. ஆனால் மெத்தனால் மரபின் கைப்பக்குவமன்று. கண்காணிப்பற்ற கள்ளச்சந்தையின் கலப்படம். அதைக் காட்டி ஒரு மக்களின் நொதித்தல் அறிவு முழுவதையும் புதைப்பது ஆய்வாகாது.

அந்த அறிவு நேற்று முளைத்ததன்று. அரிசிக் களியை அகன்ற கலத்தில் ஆற்றி, முளைநெல் சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்துச் சாடியில் முதிரவிடும் முறையைப் பெரும்பாணாற்றுப்படை விவரிக்கிறது. தானியம், முளை, நொதிப்பு: இது பீரேயன்றி வேறென்ன? வீட்டில் சமைத்த நெற்கள்ளுக்குத் 'தோப்பி' என்ற தனிப்பெயரே தமிழில் உண்டு.

சொல்லும் சாட்சி சொல்கிறது. மதுவைக் குறிக்கும் 'கள்' வேறு. களவைக் குறிக்கும் 'கள்' வேறு. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி அவற்றைத் தனித்தனிப் பதிவுகளாகவே தருகிறது. குறளிலும் கள்ளுண்ணாமை ஓர் அதிகாரம், கள்ளாமை மற்றோர் அதிகாரம். இரண்டையும் ஒரே குற்றமாக ஆக்கியது மொழியன்று, சட்டம். அந்தச் சட்டத்தின் சொற்களையே ஆய்வும் எதிரொலிக்கிறது.

தம் கைகளின் உழைப்பால் வாழும்போதே ஒருவர் மெய்யான துறவி என்பது புனித பெனடிக்டின் ஒழுங்குநூல், 48ஆம் இயலின் கருத்து. பெயரிலேயே உழைப்பைத் தாங்கிய குடியிருப்புக்கு அந்த அளவுகோல் பொருந்தாதா? தாராவி மறுசீரமைப்பில் சந்துகள் மறையும் முன், அடுப்பு, பானை, புளிப்பு, பதம் ஆகியவற்றுக்கு அங்குள்ள முதியோர் வைத்திருக்கும் சொற்களையேனும் மொழியியலார் தொகுக்க வேண்டும். பெல்ஜியத்துக்குக் கிடைத்த ஏட்டின் பக்கத்தில் லேபர் கேம்ப்புக்கு ஒரு வரி கிடைக்காவிட்டாலும், காவல் நிலையக் கோப்புக்கு வெளியே ஒரு பதிவு கிடைக்கட்டும்.