பஞ்சம் தெரியாத ராஜாக்கள்

சாலை என்றதும், சரித்திர நாவல் படித்து வளர்ந்த தமிழருக்குக் காந்தளூர் ஞாபகம் வரும். 10-ஆம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் ராஜராஜன் காந்தளூர்ச் சாலையில் 'கலமறுத்த' சேதி, அவனது கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அந்த இடம் திருவனந்தபுரத்தின் வலியசாலைப் பகுதிதான் என்பது பலருடைய கருத்து. கலம் என்றால் என்ன என்பதில்தான் வழக்கு. கப்பல் என்றார்கள் பலர். சாலை என்பது ஊட்டுப்புரை, கலம் என்பது சாப்பாட்டுக் கலம், அறுத்தது என்றால் இத்தனை பேருக்குச் சோறு என்று வரையறுத்தது என வாதிட்டவர்களும் உண்டு. சரித்திரக் கதைக்குக் கப்பல்தான் தோது. கப்பல் எரிந்தால் ஓர் அத்தியாயத்தை முடிக்கலாம். சோற்றுக் கணக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நம் சரித்திரக் கதைகளில் ஒற்றர்கள் உண்டு, சுரங்கப்பாதை உண்டு, நிலவொளியில் இளவரசிகள் உண்டு. ஊரே பட்டினி கிடந்த ஒரு வருஷம் அநேகமாக இல்லை. கல்வெட்டுகளில் இருக்கிறது. மூன்றாம் குலோத்துங்கன் ஆண்ட 1201-இல், காவிரி நாட்டுத் திருப்பாம்புரத்தில் நெல் காசுக்கு மூன்று நாழி விற்றது. ஒரு வெள்ளாளர் தன்னையும் இரண்டு மகள்களையும் 110 காசுக்குக் கோவிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டார். 110 காசுக்கு அன்றைய விலையில் 330 நாழி நெல் கிடைக்கும். எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். ஆக, மூன்று உயிர்களின் விலை மூன்றரைக் கலத்துக்கும் குறைவு. இது அழுது எழுதியதல்ல, விற்பனைப் பத்திரம். அதனால்தான் விலை இவ்வளவு துல்லியமாக இருக்கிறது. அந்தப் பெண்கள் பிழைத்தார்கள் என்று வைத்துக்கொண்டு ஒருவர் எழுதத் தொடங்கினால், நாவலுக்கு வேறு வில்லன் தேவையில்லை.

இத்தாலியில் மன்சோனி அதைச் செய்தார். 1827-இல் வெளிவந்த அவரது நாவல் 1628-லிருந்து 1630 வரையிலான மிலான் நகரத்தைப் பற்றியது. முதலில் விளைச்சல் பொய்க்கிறது. ரொட்டி விலையை அரசாங்கம் உத்தரவு போட்டுக் குறைக்கிறது. கட்டுப்படியாகாத விலை நீடிக்காது. விலை மறுபடி ஏறியதும் ஜனங்கள் ரொட்டிக்கடைகளைச் சூறையாடுகிறார்கள். பட்டினியில் இளைத்த நகரத்துக்குள் பிளேக் நுழைகிறது. சுவரில் விஷம் பூசினார்கள் என்று வதந்தி கிளம்பி அப்பாவிகள் மரண தண்டனைக்கு உள்ளானதும் நிஜத்தில் நடந்ததே. வாளெடுத்த வீரன் யாரும் இல்லை. கதாநாயகன் பட்டு நெய்யும் தொழிலாளி.

திருவனந்தபுரம் சாலையில் இப்படி ஒரு நாவல் ஏன் வரவில்லை என்று கேட்க இடமிருக்கிறது. அந்தக் கடைத்தெருவே தானியத்துக்காகப் பிறந்தது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் திவான் ராஜா கேசவதாசன் அதை நிறுவினார். நாஞ்சில் நாட்டு நெல் வண்டி வண்டியாக வந்து இறங்கியது; கூடவே தமிழ் வியாபாரிகளும். அதுவும் போதாமல் திருவிதாங்கூர் பர்மா அரிசியை நம்பியிருந்தது. 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. அரிசிக் கப்பல் நின்றது.

1943-44 பஞ்சத்தில் வங்காளத்தின் முப்பது லட்சம் சாவுதான் எல்லோருக்கும் தெரியும். திருவிதாங்கூரும் அப்போது பட்டினி கிடந்தது. இந்திய ஊழியர் சங்கத்தைச் சேர்ந்த கே.ஜி. சிவசாமி 1945-இல் கோவையிலிருந்து வெளியிட்ட அறிக்கையின் தலைப்பிலேயே உணவுப் பஞ்சமும் சத்துக்குறைவு நோய்களும் சேர்ந்தே நின்றன. பசி நேரடியாகக் கொல்வது குறைவு. நோயை அனுப்பித்தான் கொல்லும். சோற்றுக்கு வழியில்லாமல் மலபார்க் காட்டுக்குக் குடிபெயர்ந்தவர்களை மலேரியா வாரிக்கொண்டு போனது. மிச்சமிருந்தவர்களைக் காப்பாற்றியதில் மரச்சீனிக்குப் பங்குண்டு. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பயிரிடச் சொல்லிப் பரப்பியிருந்தார். போர் எதையும் வென்றதாகத் தெரியவில்லை. ஒரு கிழங்கை ஊன்றிவிட்டுப் போனார். அவரைப் பற்றி யார் தொடர்கதை எழுதப் போகிறார்கள்?

மலையாளத்தில் இந்தக் குறை அவ்வளவு இல்லை. எஸ்.கே. பொற்றேக்காட்டின் 'விஷகன்யகா' (1948) அந்த மலபார்க் குடியேற்றத்தின் கதைதான். அதற்கு முந்தைய ஆண்டு வந்த தகழியின் 'தோட்டியின் மகன்' ஆலப்புழையில் மலம் அள்ளிய தமிழர்களைப் பற்றியது. மகனை எப்படியாவது தோட்டியாக்காமல் வளர்க்கத் துடிக்கும் சுடலைமுத்துவையும் அவன் மனைவியையும் காலரா கொண்டுபோகிறது. சுந்தர ராமசாமி அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார்.

சாலைக்கும் ஓர் எழுத்தாளர் இருந்தார். ஆ. மாதவன் (1934-2021) பல பத்தாண்டுகள் அங்கே கடை வைத்துக்கொண்டே 'கடைத்தெருக் கதைகள்' எழுதினார். சுமை தூக்குபவர்களும் சட்டம்பிகளும் அன்றாடச் சில்லறையைத் தேடுபவர்களும்தான் அவரது மாந்தர்கள். பஞ்சம் வந்தபோது அவருக்கு வயது ஒன்பது. அவர் பழைய ராஜாக்களைத் தேடிப் போகவில்லை. கல்லாவுக்கு எதிரே தெரிந்ததை எழுதினார். அந்த மனிதர்களின் பசி எப்போது தொடங்கியது என்று பின்னோக்கி நடக்கும் வேலை அடுத்தவர்களுக்கு மிச்சமிருக்கிறது.

நடப்பவர் களியக்காவிளை வழியாகத்தான் போகவேண்டும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி நாஞ்சில் நாடு தமிழகத்தோடு சேர்ந்ததும், நெற்களஞ்சியம் ஒரு மாநிலத்திலும் கடைத்தெரு இன்னொன்றிலுமாகப் பிரிந்தன. வண்டி வண்டியாக வந்த அரிசி அதன்பின் மூட்டைகளில் ஒளிந்து எல்லை தாண்டப் பழகியது. குமரி மாவட்டத்தில் ரேஷன் அரிசி பிடிபட்ட செய்தி இன்றும் நாளிதழ்களில் வருகிறது, எத்தனை கிலோ என்ற கணக்கோடு.