ஷிஃப்ட் முடித்து வரும் மாணவர்

ஒரகடம், வல்லம் வடகால், சுங்குவார்சத்திரம், இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் சிலம்பக் கூடம் நடத்தும் ஆசான்களோடு பேச உட்கார்ந்தால் பத்து நிமிடத்துக்குள் ஒரு குறை வந்துவிடுகிறது: "பசங்க நிலைக்கிறதில்லை." காலடி படிந்து, ஒற்றை வீச்சு கைக்கு வந்து, இனிமேல்தான் கம்போடு கம்பு மோதவிடலாம் என்று நினைக்கும் நேரத்தில் ஆள் காணாமல் போகிறான். போன் செய்தால் ஊருக்குப் போய்விட்டதாகச் சொல்கிறான், அல்லது வேறு கம்பெனிக்கு மாறி ஓசூரில் இருப்பதாகச் சொல்கிறான். உடனே ஆசானுக்கு மனது விட்டுப்போகிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை, விசுவாசம் இல்லை என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்.

குறை உண்மை. முடிவுதான் தவறு.

நம் கலை ஊரோடு ஒட்டி வளர்ந்தது. மாணவன் அதே தெருவில் பிறந்தவன். பொழுது சாய்ந்தால் களத்துக்கு வருவான். பொங்கலுக்கும் ஆடிக் கிருத்திகைக்கும் சாமி ஊர்வலத்தின் முன்னால் கம்பு சுற்றுவான். திருமணமானாலும் அதே ஊரில்தான் இருப்பான். அவனுக்குப் பத்தாண்டு பாடம் வைத்திருப்பதில் அர்த்தம் இருந்தது. இன்று இந்தப் பகுதியில் கூடத்துக்கு வருகிறவர் விழுப்புரத்திலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ வந்து, நான்கைந்து பேராக அறை எடுத்துத் தங்கியிருப்பவர். ஐடிஐயோ டிப்ளமோவோ முடித்து அப்ரண்டிஸாகவோ ஒப்பந்தத் தொழிலாளியாகவோ சேர்ந்திருப்பார். எத்தனை மாதம் இங்கே இருப்பார் என்பது அவருக்கே தெரியாது.

1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் அடிக்கல் நாட்டியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது, 2012-இல் டைம்லரின் லாரி ஆலை. இடையில் 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா, ஆயிரக்கணக்கான இளைஞர்களையும் பெண்களையும் வேலைக்கு எடுத்து, 2014 நவம்பரில் மூடிக்கொண்டது. உலகமே அறிந்த ஒரு ஆலை எட்டே ஆண்டில் கதவைச் சாத்திய மண் இது. இங்கே வேலை பார்க்கும் இருபது வயதுப் பையனிடம் பத்தாண்டு என்னோடு நில் என்று கேட்பதற்கு நமக்கு என்ன நியாயம் இருக்கிறது? நிற்கும் நாளுக்குள் அவருக்கு எதை முழுசாகக் கொடுப்பது என்பதைத்தான் நாம் யோசிக்க வேண்டும்.

முதலில் அட்டவணை. மாலை ஐந்தரை முதல் ஏழு வரை என்று ஒரே வகுப்பு வைத்திருக்கும் கூடத்துக்கு, வாரம் மாறி வாரம் ஷிஃப்ட் சுழலும் தொழிலாளி எப்படி வருவார்? ஏ ஷிஃப்ட் வாரத்தில் வருவார். பி ஷிஃப்ட் வாரத்தில் அந்த நேரத்தில் அவர் லைனில் நிற்பார். சி ஷிஃப்ட் வாரத்தில் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் ஒரு தூக்கம் போடவே நேரம் சரியாக இருக்கும். நான்காவது வாரம் அவர் திரும்பி வந்ததும், எல்லார் முன்னாலும், "என்ன தம்பி, ரெண்டு வாரமா ஆளையே காணோம்" என்று கேட்கிறோம். இரண்டு தடவை இப்படி ஆனால் மூன்றாம் தடவை அவர் வருவதே இல்லை. வெட்கப்பட்டு நின்றவரை நாம் பொறுமையில்லாதவர் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

ஒரே பாடத்தைக் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை சொல்லிக்கொடுங்கள். நாள்பாடம் என்பதை விட்டு, மூன்று வாரத்துக்கு ஒரு பாடம் என்று வையுங்கள். எந்த ஷிஃப்ட்டில் இருந்தாலும் அந்தப் பாடம் ஒரு முறையாவது அவர் கையில் விழும். யார் எந்தக் காலடியில், எந்த வீச்சில் நிற்கிறார் என்று ஒரு நோட்டில் எழுதிவைத்தால், திரும்பி வருகிறவரை விட்ட இடத்திலிருந்தே தொடங்கலாம். ஆசானுக்கு வேலை கூடும், மறுக்கவில்லை. ஆனால் பத்துப் பேரைப் புதிதாகச் சேர்த்து எட்டுப் பேரை இழக்கும் வேலையைவிட இது குறைவு.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. ஒரகடம் பக்கம் வற்றிய ஏரியின் ஓரத்தில் வகுப்பு. இருபதைத் தாண்டிய ஒருவர் இரவு ஷிஃப்ட் முடித்து, கம்பெனிச் சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு நேராக வந்திருந்தார். காலடி ஒழுங்காகத்தான் இருந்தது. முன்கால் பின்கால் மாற்றுவதில் பிசகில்லை. ஆனால் வலப்பக்கச் சுற்றிலிருந்து இடப்பக்கம் திரும்பும் இடத்தில் மணிக்கட்டு அரை நொடி தாமதித்தது. கம்பின் அடிமுனை மூன்று முறை அவருடைய முழங்காலுக்குக் கீழேயே தட்டியது. மூன்றாம் தட்டில் ஆசான் போய்க் கம்பை வாங்கிக்கொண்டார். திட்டவில்லை. "தம்பி, நீ உட்கார்ந்து எண்ணிக்கை சொல்லு" என்றார். மற்றவர்கள் அந்த எண்ணிக்கைக்குச் சுற்றினார்கள். வகுப்பு முடிவில், யாருக்கு எந்த எண்ணில் கால் பிசகியது என்று அந்த இளைஞரைக் கேட்டார். அவர் சரியாகச் சொன்னார். கம்பைத் தொடாமலே அன்றைய பாடம் அவருக்கு நடந்துவிட்டது.

தூக்கம் கெட்டவருக்கு எதிர்வினை தாமதிக்கும். அப்படிப்பட்டவரை எதிரே நிறுத்திப் போர்ச்சிலம்பம் ஆடவிடுவது ஆபத்து. அவருக்கும் ஆபத்து, எதிரே நிற்பவருக்கும் ஆபத்து. இரவு வேலை முடித்து வந்தவருக்கு அன்று மோதல் இல்லை என்பதை ஒவ்வொரு கூடமும் விதியாகவே எழுதிவைக்க வேண்டும். தலையில் அடிபட்டவர் அன்றைக்கு மறுபடி கம்பைத் தொடக் கூடாது என்பதும் அதே பலகையில் இருக்கட்டும். இன்னொன்று, புதிதாகச் சேர்பவரிடம் லைனில் என்ன வேலை என்று கேளுங்கள். நாள் முழுக்க நட்டு முடுக்கும் கருவியைப் பிடித்திருப்பவரின் மணிக்கட்டும், தலைக்கு மேலே கை தூக்கி வேலை செய்பவரின் தோள்பட்டையும் வகுப்புக்கு வரும்போதே பாதி களைத்திருக்கும். அதன்மேல் அரைமணி நேரம் விடாமல் சுற்றச் சொன்னால் ஒரே மாதத்தில் வலி வந்து நின்றுவிடுவார். அவருக்குக் காலடியையும் குத்துவரிசையையும் முன்னால் வைத்து, சுற்றைப் பின்னால் வைக்கலாம். அதனால் நம் வரிசை கெட்டுப்போகாது.

கூடத்துக்குள் உறவுகள் எப்படி இருக்கின்றன என்பது அடுத்த விஷயம். நம் முறைப்படி களத்தில் மூப்பு என்பது யார் முன்னால் சேர்ந்தார் என்பதைப் பொறுத்தது. இங்கே ஆபரேட்டர் மூத்த மாணவராகவும், அவருடைய லைன் லீடர் போன மாதம் சேர்ந்தவராகவும் இருப்பார். லீடருக்கு ஆபரேட்டர் காலடி திருத்த வேண்டும். முதல் வாரம் இருவருக்குமே கூச்சமாக இருக்கும். ஆசான் அதைச் சிரித்து மழுப்பாமல், கம்பெனிப் பதவி களத்து வாசலோடு நின்றுவிட வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தது. அப்படிப்பட்ட நாட்களில் வேலைக்குப் போகிறவரும் போகாதவரும் ஒரே கூடத்தில் எதிரெதிரே நிற்க நேரலாம். மனதில் கோபத்தோடு நிற்கும் இருவர் கையில் ஐந்தடி மூங்கிலைக் கொடுக்கக் கூடாது. அந்த வாரங்களில் இணைகளை மாற்றி நிறுத்துங்கள், தனிவீச்சைக் கூட்டுங்கள். யார் பக்கம் நியாயம் என்ற பேச்சைக் களத்துக்குள் ஆசான் தொடங்கவே கூடாது.

இனி மனம் நொந்து எழுத வேண்டிய பகுதி. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காடு ஒதுக்கீட்டில் சிலம்பம் சேர்ந்தது. முதலமைச்சர் கோப்பையிலும் சிலம்பம் இருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் செயல்விளக்க விளையாட்டாகவும் இடம்பெற்றது. இவை நாம் நெடுநாள் கேட்டுப் பெற்றவை. ஆனால் சான்றிதழுக்கு விலை வந்த நாளிலிருந்து அதை மாணவனின் மூக்கணாங்கயிறாக்கும் வழக்கமும் வந்துவிட்டது. வேறு கூடத்துக்குப் போகிறேன் என்று சொன்ன பிள்ளையின் பங்கேற்புச் சான்றிதழைக் கொடுக்க மறுப்பது, இன்னொரு சங்கத்தின் போட்டிக்குப் போனவனைப் பெயர் நீக்குவது, பெற்றோரிடம் "என் பிள்ளைன்னு நெனச்சேன், துரோகம் பண்ணிட்டான்" என்று சொல்லி அழவைப்பது. இவற்றையெல்லாம் குருபக்தி என்ற பெயரில் செய்கிறோம்.

ஸ்ரீபெரும்புதூர் மண்ணில் இதைப் பேசும்போது இராமாநுசரை நினைக்காமல் இருக்க முடியாது. 1017-இல் இந்த ஊரில் பிறந்தவர் என்பது மரபு. அவர் வேதாந்தம் படிக்கப் போன இடமும் தூரமில்லை. காஞ்சிக்கு மேற்கே, இன்றைய பெங்களூரு நெடுஞ்சாலைக்குப் பக்கத்துத் திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் படித்தார். உபநிடத வரி ஒன்றுக்கு ஆசிரியர் சொன்ன பொருளை மாணவர் ஏற்கவில்லை. ஆசிரியருக்கு அது பொறுக்கவில்லை. கங்கை யாத்திரைக்கு அழைத்துப்போய் மாணவரைக் கொன்றுவிடத் திட்டமிட்டார் என்றும், தம்பி முறையான கோவிந்தர் எச்சரித்ததால் இராமாநுசர் தப்பினார் என்றும் குருபரம்பரை நூல்கள் சொல்கின்றன. அதே நூல்கள், யாதவப்பிரகாசர் பிற்காலத்தில் அந்த மாணவருக்கே சீடரானார் என்றும் சொல்கின்றன. தன்னைத் தாண்டிய மாணவனைக் கண்டு முதலில் எரிந்தவர், முதுமையில் அவன் முன் மாணவராக உட்கார்ந்தார். நம்மில் எத்தனை பேருக்கு அந்த இரண்டாம் பாதி வாய்க்கும்?

திருக்கோட்டியூர் நம்பியிடம் 18 முறை நடந்து பெற்ற மந்திரப் பொருளை, யாருக்கும் சொல்லாதே என்ற கட்டளையை மீறி இராமாநுசர் ஊரறியச் சொன்ன கதையும் எல்லாரும் அறிந்ததே. நம் துறையில் இதற்கு நேர் எதிரான பழக்கம் ஒன்று உண்டு. ஆசான் கடைசி அடியைச் சொல்லித்தர மாட்டார் என்று பெருமையாகவே சொல்வார்கள். வர்மத்தைப் பக்குவம் பார்த்துத்தான் தர வேண்டும். அதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது, அந்தக் கட்டுப்பாடு இருக்கட்டும். ஆனால் ஒரு வெட்டை மறிக்கும் முறையையும், ஒரு சுற்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நுணுக்கத்தையும், மாணவன் நம்மைவிட்டுப் போகாமல் இருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் மறைத்துவைத்தால், ஆறு மாதத்தில் ஊர் மாறும் தொழிலாளியோடு அது பாதியாகப் போய்விடும். முழுசாகக் கற்றுக்கொண்டு போனவர் செய்யாற்றிலோ செஞ்சியிலோ நான்கு பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுப்பார். போகிறவருக்கு, இதுவரை என்னென்ன கற்றார் என்று எழுதிக் கையெழுத்திட்ட ஒரு தாளைக் கொடுத்தனுப்புங்கள். அடுத்த ஊர் ஆசான் அதைப் பார்த்து அங்கிருந்து தொடரட்டும்.

வருகிறவர்களில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் இளைஞர்களும் இருக்கிறார்கள். பைக்கா அக்காடா என்னும் போர்ப்பயிற்சிக் கூடத்தைப் பார்த்து வளர்ந்த ஒடியா இளைஞனுக்குக் கம்பு புதிதல்ல, நம் காலடிதான் புதிது. மொழி தெரியாது என்று திருப்பி அனுப்பாமல், அவன் ஊர் வீச்சை ஒரு நாள் செய்துகாட்டச் சொல்லிப் பாருங்கள்.

பெண்களைப் பற்றி. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய்ச் செலவில் பெண் தொழிலாளர்களுக்கான விடுதி வளாகம் திறக்கப்பட்டது. 18,720 படுக்கைகள். ஒரே இடத்தில் இத்தனை இளம்பெண்கள் தங்கும்போது, அவர்களுக்கு நம் துறை கொடுப்பது என்ன? பெரும்பாலும் மகளிர் தினத்தன்று இரண்டு மணி நேரத் தற்காப்பு நிகழ்ச்சி, கைதட்டல், குழுப் புகைப்படம். இரண்டு மணி நேரத்தில் ஒரு பிடியிலிருந்து விடுபடும் முறையைக்கூட உடம்பில் ஏற்ற முடியாது என்பது நமக்குத் தெரியும். தெரிந்தும் ஏற்றுக்கொள்கிறோம். வாரத்தில் இரண்டு நாள், ஓராண்டுக்கு, விடுதி வளாகத்துக்குள்ளேயே, பெண் ஆசானைக் கொண்டு நடத்துவோம் என்று நிர்வாகங்களிடம் கேட்க வேண்டும். அதற்குப் பெண் ஆசான்கள் வேண்டும். நம் கூடங்களில் பதக்கம் வாங்கும் சிறுமிகள் ஏராளம். இருபது வயதைத் தாண்டிச் சொல்லிக்கொடுக்க நிற்பவர்கள் மிகச் சிலர். கேரளத்து வடகரையில் மீனாட்சியம்மா களரி சொல்லிக்கொடுத்துப் பத்மஸ்ரீ பெற்றது 2017-இல், எழுபது வயதைக் கடந்தபின். அப்படி ஒரு பெண் ஆசான் உருவாக, அவரைப் பதினெட்டு வயதில் வீட்டுக்கு அனுப்பாத கூடம் இருக்க வேண்டும்.

தொடாமல் இந்தக் கலையைச் சொல்லிக்கொடுக்க முடியாது. தோளைத் திருப்ப வேண்டும், இடுப்பைத் தாழ்த்த வேண்டும். தொடும் முன் சொல்லிவிட்டுத் தொடுங்கள். முடிந்த இடத்தில் கம்பு முனையால் காட்டுங்கள். தனி வகுப்பு என்று யாரையும் அறைக்குள் அழைக்காதீர்கள். 2021-இல் சென்னையில் தடகளப் பயிற்சியாளர் ஒருவரும் தற்காப்புக் கலைப் பயிற்சியாளர் ஒருவரும் பாலியல் புகார்களில் கைதானபோது, நம் வட்டாரத்தில் பலர் அது வேறு கலை, வேறு ஆள் என்றார்கள். 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, ஒரு குழந்தைக்குத் தீங்கு நடந்தது தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம். தனக்குக் கீழே வேலை செய்பவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் விளையாட்டுப் பயிற்சி இடங்களையும் பணியிடமாகவே கொள்கிறது. ஊழியர் பத்துப் பேருக்குக் குறைவான கூடம் என்றால் புகார் மாவட்ட உள்ளூர்க் குழுவுக்குப் போகும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கூடத்துச் சுவரில், பிள்ளைகளின் கண்மட்டத்தில் எழுதிவையுங்கள். ஆசானின் பெயர்ப் பலகைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

ஆணிப்பலகை மீதும் பானை மீதும் நிற்கவைத்து, கண்ணைக் கட்டி, சாதனைச் சான்றிதழுக்காகச் சின்னப் பிள்ளைகளை மணிக்கணக்கில் சுற்றவிடும் கூடங்களின் படங்களை இந்த இதழ் இனி வெளியிடாது. வளரும் தோள்பட்டைக்கு அது செய்யும் கெடுதலை அறிந்த பின்னும் வெளியிடுவது, நாமும் அந்தப் பிள்ளையின் மேல் கை வைப்பதற்குச் சமம்.

ஷிஃப்டுக்கேற்ற பாட அட்டவணையை ஏற்கெனவே நடைமுறையில் வைத்திருக்கும் ஆசான்கள் அதை அப்படியே எழுதி அனுப்புங்கள். எந்தப் பாடம் எத்தனை வாரம், இரவு வேலை முடித்து வருபவருக்கு என்ன கொடுக்கிறீர்கள், எது சரிவரவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வரும் இதழ்களில் கூடத்தின் பெயரோடு அச்சிடுகிறோம். விடுதி வகுப்பு எடுக்க முன்வரும் பெண் ஆசான்களின் பட்டியலையும் தொகுக்கத் தொடங்கியிருக்கிறோம்.