அழகிக்காக இரங்கிய பூதக் குடும்பம்

பழைய அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களுள் பெரும்பாலானவை இன்று பார்க்கும்போது அலுப்பையே தருகின்றன. ஆனால் 'தி மன்ஸ்டர்ஸ்' அறுபது ஆண்டுகள் கடந்த பின்னரும் என்னைச் சிரிக்க வைக்கிறது. அதில் வரும் பூதங்கள் தம்மைப் பூதங்களாக எண்ணிக்கொள்வதில்லை என்பதே அதற்குக் காரணம் எனக் கருதுகிறேன்.

1964 செப்டெம்பரில் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் ஆரம்பமாகி 1966 மே மாதம் வரை 70 அத்தியாயங்கள் ஒளிபரப்பான கறுப்பு வெள்ளைத் தொடர் இது. குடும்பத் தலைவர் ஹேர்மன், பிராங்கன்ஸ்டைனின் பூதத்தை அச்சாக ஒத்தவர். மனைவி லிலியும் அவருடைய தந்தையும் இரத்தம் குடிக்கும் வம்சத்தினர். மகன் எடி ஓநாய்ச் சிறுவன். இவர்களுடன் வாழும் உறவுக்காரப் பெண்ணான மர்லின் மாத்திரம் பொன்னிறக் கூந்தல் கொண்ட அழகி. குடும்பத்தாரோ, பாவம், இவள் இப்படிப் பிறந்துவிட்டாளே என்று அவளுக்காக இரங்குகின்றனர். அவளைத் தேடிவரும் இளைஞர்கள் ஹேர்மனைக் கண்டு தலைதெறிக்க ஓடும்போது, அவளது தோற்றமே அவர்களை விரட்டுகிறது என்று வருந்துகின்றனர். மர்லினும் அவ்வாறே நம்புகிறாள்.

அதே மாதத்தில் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கிய 'அடம்ஸ் பமிலி'யுடன் இதனை ஒப்பிடுவது வழக்கம். அடம்ஸ் குடும்பத்தினர் செல்வந்தர்கள்; ஊர் தம்மைப் பற்றி என்ன நினைக்கிறது என்ற கவலை அவர்களுக்கு இல்லை. மன்ஸ்டர்ஸ் குடும்பத்தினர் டிரான்ஸில்வேனியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள். ஹேர்மன் மரணச்சடங்கு நிலையமொன்றில் வேலை செய்து குடும்பத்தைக் காப்பவர். அயலவர்களுடன் நல்லுறவு பேணவே விரும்புகிறார்கள். இத்தொடரைத் தயாரித்த ஜோ கொனலியும் பொப் மோஷரும் முன்னர் 'லீவ் இட் டு பீவர்' என்ற நடுத்தரவர்க்கக் குடும்பத் தொடரைத் தந்தவர்கள் என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். குடும்பம் அதேதான், முகங்கள் மட்டுமே மாறியிருக்கின்றன.

1964 ஜூலையில்தான் அமெரிக்காவில் குடியுரிமைகள் சட்டம் கையொப்பமிடப்பட்டது. அடுத்த வீட்டில் யார் வாழலாம் என்பது அந்நாட்டில் அன்று கொதித்துக்கொண்டிருந்த கேள்வி. 1965 இல் ஒளிபரப்பான ஓர் அத்தியாயத்தில், குள்ளன் எனப் பாடசாலையில் கேலி செய்யப்பட்ட எடிக்கு ஹேர்மன் ஆறுதல் கூறுகிறார். உயரமோ அழகோ தோலின் நிறமோ முக்கியமல்ல, உள்ளத்தின் அளவும் குணத்தின் உறுதியுமே முக்கியம் என்பது அவரது அறிவுரை. இக்காட்சி 2020 இல் சமூக ஊடகங்களில் மீண்டும் பரவலாகப் பகிரப்பட்டது.

பூதங்களை நேசிப்பது சுலபம், உண்மையான அயலவரை நேசிப்பதே கடினம் என்று சிலர் வாதிடக்கூடும். அதில் நியாயம் உண்டு. ஓடும் மனிதர்களை விரைவுபடுத்திக் காட்டும் நகைச்சுவை அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வருவதையும் மறுப்பதற்கில்லை. எனினும், அறிவுரையைக் காட்டிலும் கமரா வைக்கப்பட்ட இடமே இத்தொடரின் பலம் என்பேன். நாம் அந்த வீட்டினுள் இருந்து பார்க்கிறோம். வாசலில் அலறுபவரே நமக்கு விசித்திரமானவராகத் தெரிகிறார். பெரும்பான்மையினர் பார்வையே இயல்பானது என்ற எண்ணம் அரை மணி நேரத்துக்கேனும் தலைகீழாகிறது.

நடிகர்களும் இதனைக் கேலிக்கூத்தாக்கவில்லை. ஹார்வர்ட் பட்டதாரியான பிரெட் க்வின், ஹேர்மனைப் பெரிய உடலில் வாழும் குழந்தையாகவே காட்டினார். லிலியாக நடித்த இவோன் டி கார்லோ, 1956 இல் வெளியான 'பத்துக் கட்டளைகள்' படத்தில் மோசேயின் மனைவியாக வந்தவர். அவருக்குத் தந்தையாக நடித்த அல் லூயிஸ், உண்மையில் அவரைவிடச் சில மாதங்கள் இளையவர்!

1966 ஜனவரியில் ஏ.பி.சி.யில் வண்ணத்தில் வந்த 'பட்மன்' பார்வையாளர்களை இழுத்துக்கொண்டதால் தொடர் விரைவில் முடிவுக்கு வந்தது. 2022 இல் ரொப் சொம்பி அதனை வண்ணத் திரைப்படமாகத் தந்தார். என்னைப் பொறுத்தவரை, பழைய கறுப்பு வெள்ளை வீட்டில் இருந்த அன்னியோன்னியம் அதில் இல்லை. பிள்ளைகளுக்குக் காட்டுவதானால் பழையதையே காட்டுங்கள். அவர்கள் முதலில் ஹேர்மனைப் பார்த்துச் சிரிப்பார்கள். சில அத்தியாயங்களின் பின்னர், அவரைக் கண்டு ஓடுபவர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள்.