கருப்பட்டியின் விலையை யார் சொல்வது?



பங்குனி பிறந்துவிட்டால் தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டிலும் ராமநாதபுரத்துக் கடலோரத்திலும் பனையேறிகளுக்கு ஓய்வு கிடையாது. பதநீர் பெருகும் காலம் இது. உடன்குடி, வேம்பார், சாயல்குடிப் பக்கம் போனால் விடியும் முன்பே மரத்தடியில் ஆள் நிற்பதைப் பார்க்கலாம். இந்த இதழில் அவர்களைப் பற்றி உங்களோடு பேச வேண்டும்.

சொந்தத் தொழில், திறந்தவெளி, யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம் என்று அலுவலகத்தில் இருப்பவர்கள் இப்படிப்பட்ட வேலைகளை எண்ணிப் பெருமூச்சு விடுவதுண்டு. அந்த மனநிறைவு பனையேறிக்கு நிஜமாகவே இருக்கிறதா? இருக்கிறது என்றுதான் நான் நம்புகிறேன். அது எதனால் வருகிறது, எங்கே பறிபோகிறது என்பதைத்தான் நாம் சரியாகப் பார்ப்பதில்லை.

முதலில் வேலையைப் பாருங்கள். ஒருவர் முப்பது மரம் வைத்திருக்கிறார், மரம் சராசரியாக நாற்பது அடி என்று வைத்துக்கொள்வோம். காலையில் மட்டும் 1,200 அடி ஏறி 1,200 அடி இறங்குகிறார். மாலையில் இன்னொரு முறை. காலில் நார், இடுப்பில் அரிவாள் பெட்டி. மரத்தோடு உராய்ந்து உராய்ந்து நெஞ்சில் காய்ப்பு ஏறியிருக்கும். உச்சிக்குப் போனதும் பாளையின் நுனியை மெல்லிய சீவலாகச் சீவ வேண்டும். தடிமனாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். போதாமல் சீவினால் சுரப்பு அடைத்துக்கொள்ளும். அதற்கும் முன்னால் பல நாள் பாளையைக் கடிப்பால் இடுக்கிப் பதப்படுத்தியிருக்க வேண்டும். ஆண் பனைக்கு ஒரு கைப்பக்குவம், பெண் பனைக்கு வேறு. கலயத்தின் உள்ளே தடவும் சுண்ணாம்பு குறைந்தால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும், கூடினால் ருசி கெடும். எந்த மரம் எவ்வளவு கொடுக்கும், எது இன்றைக்கு முரண்டு பிடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மேலே நின்று அவருக்கு உத்தரவு போட ஆள் இல்லை. காலையில் செய்த வேலையின் பலனை மாலைக்குள் கலயத்திலேயே பார்த்துவிடுகிறார். மாதக் கணக்கில் உழைத்தும் தன் வேலை எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரியாத எத்தனையோ பேருக்கு வாய்க்காத கொடுப்பினை இது.

கீழே, கருப்பட்டி காய்ச்சும் குடிசையான விடிலியில் அவருடைய மனைவி அடுப்பு மூட்டியிருப்பார். பதநீர் பொங்கி வழியாமலிருக்க ஆமணக்கு விதையை இடித்துப் போட்டு, துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். பாகை ஒரு சொட்டு தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றுவது அந்தம்மாவின் தீர்ப்பு. நொடி தப்பினால் கருப்பட்டி இளகிவிடும், அல்லது கருகிவிடும். பத்து லிட்டர் பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி ஒரு கிலோவைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அந்தப் புகையில் நாளெல்லாம் நிற்பவரை நாம் தொழிலாளியாக எண்ணுவதே இல்லை. எனக்கு இது பெரிய மனக்குறை.

இனி அந்த நிறைவு எங்கே பறிபோகிறது என்று பார்ப்போம். மரம் பெரும்பாலும் ஏறுகிறவருடையதாக இருப்பதில்லை, குத்தகைக்கு எடுத்தது. குத்தகைக்கும் வீட்டுச் செலவுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிவிட்டால், வருகிற கருப்பட்டி அந்த வியாபாரிக்குத்தான் போக வேண்டும், அவர் சொல்வதுதான் விலை. மரத்தின் உச்சியில் தனக்குத் தானே முதலாளியாக இருப்பவர், தரையில் கால் வைத்ததும் கடனாளி ஆகிவிடுகிறார். போதாததற்குச் சந்தையில் சீனிப் பாகு கலந்த கருப்பட்டி அவருடைய சரக்கின் விலையையும் கீழே இழுக்கிறது. மழை வந்துவிட்டால் வேலை இல்லை. கை வழுக்கினால் குடும்பமே முடங்கும். பனைத் தொழிலாளர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. ஆனால் பதிவு செய்துகொள்ளாதவருக்கு அதனால் என்ன பயன்? தொழில் பிடிக்கிறது, பிள்ளை மட்டும் இதற்கு வர வேண்டாம் என்று ஒரு தகப்பன் நினைத்தால், அதில் முரண் எதுவும் இல்லை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். 2021-இல் வந்த தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதைகளும் ஒரு லட்சம் கன்றுகளும் வழங்கப்படும் என்று அறிவித்தார்கள். மாவட்ட ஆட்சியர் அனுமதியில்லாமல் பனையை வெட்டக் கூடாது என்றும் அறிவித்தார்கள். 2023-இல் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எல்லாம் நல்ல காரியங்கள். ஆனால் அன்று ஊன்றிய விதை பாளை விட 2036 வாக்கிலாவது ஆகும். அப்போது அதில் ஏற ஆள் இருக்க வேண்டுமே! விதைக்கு ஒதுக்கும் அக்கறையில் பாதியாவது ஏறுகிறவருக்கான பாதுகாப்புக் கருவிக்கும், வட்டியில்லாத முன்பணத்துக்கும் ஒதுக்கினால்தான் கணக்கு நேராகும் என்பது என் உறுதியான கருத்து.

நம்மால் ஆவதும் ஒன்று உண்டு. இந்தப் பருவத்தில் தென்மாவட்டங்களுக்குப் போகிறவர்கள் சாலையோரக் கடையோடு நின்றுவிடாமல், விடிலி இருக்கும் இடம் விசாரித்து நேராகப் போய்க் கருப்பட்டி வாங்குங்கள். விலையை அந்த அண்ணாச்சியோ அந்த அம்மாவோ சொல்லட்டும். பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்